சல்லடைக்குக் கீழே புதுச் சரக்கு

மலாயாவில் கோத்தா திங்கி என்ற ஊரில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மளிகைக்கடை இருந்தது. கடையில் தராசு இருந்தது. எடைக்கற்கள் இருந்தன. கல்லாப்பெட்டி இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் முதலாளி சதாசிவமும் இருந்தார். மளிகை மட்டும்தான் இல்லை.

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு முதலில் அரிசி வருவது நின்றது. பிறகு பருப்பு. அதன் பின் சீனி, புளி, மிளகாய் எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன. ஆனாலும் சதாசிவம் தினமும் கடையைத் திறப்பார். காலி டின்களைத் துடைத்து அலமாரியின் முன்வரிசையில் அழகாக அடுக்குவார். பின்வரிசையில் காற்று இருக்கும்.

“கடைய மூடிட்டா ஊரு பயந்துரும். முன்னால நாலு டின்னு நின்னா, உள்ள சரக்கு இருக்குன்னு நெனச்சித் தெம்பாப் போவாங்க,” என்பார்.

அவருடைய மகள் புஷ்பவள்ளிக்குப் பத்து வயது. மற்ற பிள்ளைகள் தாலாட்டுக் கேட்டுத் தூங்கினார்கள் என்றால், இவள் பேரம் கேட்டுத் தூங்கியவள். எந்த விலையில் தொடங்குவது, எங்கே இறங்குவது, கோபித்துக்கொண்டு போகிறவரை எப்போது கூப்பிடுவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆனால் அந்த வருஷம் அவளுக்கு எதுவுமே புரியவில்லை.

முதலில் கடிகாரம் புரியவில்லை. ஜப்பான்காரர்கள் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். கடிகாரம் ஏழரை என்னும். சேவல் ஆறுதான் என்னும். சேவல் சொன்னதுதான் சரி. ஆனால் பள்ளிக்கூடம் கடிகாரத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் இருட்டில் தடவித் தடவிப் பள்ளிக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சேவலையும் யாரோ குழம்பு வைத்துவிட்டதால் வாதம் அதோடு முடிந்தது.

அடுத்து, பாடம் புரியவில்லை. வாத்தியார் இப்போது நிப்போங்கோ நடத்தினார். நிப்போங்கோ என்றால் ஜப்பான் மொழி. முந்தின நாள் அவர் படித்ததை மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்வார். முட்டைப் படத்தைத் தூக்கிக் காட்டி “தமாகோ” என்பார். பிள்ளைகளும் “தமாகோ” என்பார்கள். எல்லாருக்கும் பசி வந்துவிடும்.

இதெல்லாம் போகட்டும். புஷ்பவள்ளியை உண்மையிலேயே குழப்பியது ஆமைதான்.

கடைக்கு எதிரே ஆற்றில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. காலை வெயிலில் ஆற்று ஆமைகள் அதன்மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்திருக்கும். மலாய்க்காரர்கள் அந்த ஆமையைத் துந்தோங் என்பார்கள். ஒவ்வொன்றும் முறம் அளவு இருக்கும். எல்லாமே தாத்தா பாட்டி மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு யோசனையில் இருக்கும்.

“குட்டி எங்கே?” என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது.

தோன்றிய பிறகு அதை விட முடியவில்லை. தினமும் பார்த்தாள். சட்டி மூடி அளவில் ஒன்று கிடையாது. தேங்காய் மூடி அளவில் ஒன்று கிடையாது. முறம், முறம், முறம்.

அப்பாவிடம் கேட்டாள். ஆமைப் பேச்சைக் கடையில் எடுக்காதே என்று அவர் அதட்டினார். ஆமை கால் வைத்த கடை அவ்வளவுதான், வியாபாரம் படுத்துவிடும் என்றார். புஷ்பவள்ளி அலமாரியைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்து, பக்கத்துக் குடிசையில் இருக்கும் பாக் லெமானிடம் போனாள். அவர் ஆற்றில் மீன் பிடிப்பவர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மரவள்ளியும் கொஞ்சம் புகையிலையும் போட்டிருந்தார்.

“பியாவா, தங்காச்சி, பியாவா,” என்று அவர் தலையை ஆட்டினார். பியாவா என்றால் உடும்பு. மணலில் ஆமை முட்டை வைத்தவுடன் உடும்பு மோப்பம் பிடித்து வந்து தோண்டிவிடும் என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொன்னார்.

கடைசியாகக் கிராணி ஐயாசாமியைக் கேட்டாள். முன்பு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி அவர். இப்போது ஒரு சின்னப் புத்தகத்தை வைத்து நிப்போங்கோ கற்றுக்கொண்டு, அந்தத் தெருவுக்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தார். எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று அவர் சொன்னதே இல்லை.

“ஆமை முட்டைக்குள்ளயே முழுசா வளந்துதான் வெளிய வரும், புள்ள,” என்றார் ஐயாசாமி.

“முட்டை இம்புட்டுதானே இருக்கு, மாமா? ஆமை முறம் மாதிரி இருக்கே.”

“உள்ள மடிச்சி வச்சிருக்கும்.”

புஷ்பவள்ளி வீட்டுக்கு வந்தாள். மூன்று பேரைக் கேட்டாயிற்று. கேட்பதற்கு முன்னால் ஒரு குழப்பம்தான் இருந்தது.

இதற்கு நடுவில்தான் முட்டை உத்தரவு வந்தது.

படகுத்துறைக் காவலில் கோமுரா என்று ஒரு கோச்சோ இருந்தார். கோச்சோ என்றால் சில சிப்பாய்களுக்குத் தலைவர். அவரைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும். மறந்தால் கன்னத்தில் விழும். ஒருநாள் அடைமழையில் அவர் காவல் கொட்டகையில் நின்றுகொண்டு ஐயாசாமியைப் பார்த்து எதையோ கத்தினார். மழைச் சத்தத்துக்கு நடுவில் ஐயாசாமி அதைக் கேட்டார். குனிந்தார். ஓடிவந்து தெருவுக்குச் சொன்னார்.

“கோச்சோவுக்கு முட்டை வேணுமாம். தமாகோ, தமாகோன்னு கத்துறாரு. குடுக்கலன்னா நம்ம கன்னத்துக்கு நான் பொறுப்பில்ல.”

கோழி ஏது? ஊரில் கடைசிக் கோழி போய் மாதமாகிவிட்டது. அதனால் தெருவே ஆற்று மணலைத் தோண்டியது. ஆமை முட்டைகளைக் கூடையில் வைத்து ஐயாசாமி கொண்டுபோய்க் கொடுத்தார்.

கோச்சோ கூடையைப் பார்த்தார். ஐயாசாமியைப் பார்த்தார். மறுபடி கூடையைப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. ஏதோ கேட்டார். ஐயாசாமி மறுநாள் இன்னொரு கூடை கொண்டுபோனார்.

மணல்திட்டில் மிச்சம் இருந்ததை உடும்பு பார்த்துக்கொண்டது. காலையில் அது தோண்டும், சாயங்காலத்தில் மனிதர்கள் தோண்டுவார்கள். வேலை நேரம் பிரித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒருநாள் தோக்கியோ நேரப்படி விடிந்து, நிஜமாக இன்னும் விடியாத நேரத்தில் புஷ்பவள்ளி பள்ளிக்குக் கிளம்பினாள். கடைக்குக் கீழே மணல்திட்டிலிருந்து சத்தம் கேட்டது.

தொம். தொம். தொம்.

எட்டிப் பார்த்தாள். ஒரு பெரிய ஆமை தன் உடம்பைத் தூக்கித் தூக்கி மணலில் போட்டு, முட்டைக் குழியை மூடிக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தது. துந்தோங் என்ற பெயர் அந்தச் சத்தத்தில்தான் வந்ததோ என்று நினைத்தாள்.

ஆமை அதோடு போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய், முட்டையே இல்லாத வெறும் மணலைக் கிளறி, அங்கேயும் தொம் தொம் என்று போட்டது. பிறகு இன்னொரு இடத்திலும்.

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சரக்கை உள்ளே வைத்துவிட்டு, வெளியே வேறு மூட்டையை அவிழ்த்துக் காட்டுவதை அவள் எத்தனை கடையில் பார்த்திருக்கிறாள். இது வியாபாரிதான். சந்தேகமே இல்லை.

ஆமை ஆற்றில் இறங்கிப் போய்விட்டது. அவள் பள்ளிக்கு நடந்தாள். வாத்தியார் தூக்கிப் பிடித்த முட்டைப் படத்தைப் பார்த்தபடியே யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஏதோ பிடிபட்டது.

எதிர் மரத்தில் ஆமை நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாம் பழைய சரக்கு. அப்பாவின் அலமாரி மாதிரி முன்வரிசை நிறைந்திருக்கிறது, பின்வரிசையில் காற்று. ஆமை ரொம்ப வருஷம் உயிரோடு இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால், அந்தத் தாத்தா பாட்டிகள் போன பிறகு மரம் வெறும் மரம்தான்.

அவளுடைய தெருவிலும் நடுவில் ஆளில்லை. வீரமுத்துச் சித்தப்பாவையும் அவர் வயதுக்காரர்களையும் ரயில் பாதை போட என்று சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தெருவில் கிழவர்களும் பொடிசுகளும்தான் மிச்சம். அந்தக் குழப்பத்தை அவளால் தீர்க்க முடியாது. சித்தப்பா எப்போது வருவார் என்று யாரிடம் கேட்பது?

ஆனால் மணலில் ஒரு குழி இருந்தது. அது எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே ஒரு உடும்பு மணல்திட்டில் நாக்கை நீட்டி நீட்டி நடந்தது. ஆமை ஏமாற்றிய இடத்தில் தோண்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. இன்னொரு இடத்தில் தோண்டியது. அங்கும் இல்லை. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்ததும் புஷ்பவள்ளி ஒரு கல்லை விட்டெறிந்தாள். அது போய்விட்டது. ஆனால் திரும்பி வரும் என்று அதன் நடையிலேயே தெரிந்தது.

கடைக்குள் ஓடினாள். மூலையில் அரிசி சலிக்கும் பெரிய கம்பிச் சல்லடை இருந்தது. அரிசியே இல்லாத கடையில் அதற்கு என்ன வேலை? எடுத்துக்கொண்டு போய்க் குழியின்மேல் கவிழ்த்தாள். உடும்பு புரட்டிவிட்டால்? மறுபடி ஓடிவந்தாள். அப்பா கல்லாவில் கண்ணை மூடியிருந்தார். தராசுப் பக்கத்தில் இருந்த இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் பாவாடையில் போட்டுக்கொண்டு போய், சல்லடையின் விளிம்பில் சுற்றி அடுக்கினாள்.

மறுநாள் காலையில் சல்லடையைச் சுற்றி உடும்பின் கால்தடம். நகத்தால் கீறிய கோடு. முட்டை பத்திரம்.

கடையில் வேறு கூத்து நடந்தது. “எடைக்கல்லக் காணோம். எடுத்துட்டுப் போயி என்னா பண்ணுவான்? வேக வச்சித் திங்கவா?” என்று சதாசிவம் கல்லாவுக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளியும் ரொம்ப அக்கறையாக அவரோடு சேர்ந்து தேடினாள்.

அந்த நேரம் கோமுரா கோச்சோ கடைக்குள் வந்தார். அப்பாவும் மகளும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து குனிந்தார்கள். அவர் அடிக்கடி இப்படி வருவார். எதுவும் வாங்க மாட்டார். அலமாரியிலிருந்து குறிப்பிட்ட ஒரு காலி டின்னை எடுப்பார். மூடியைத் திறப்பார். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

காற்றை மோந்து பார்க்க ஒரு மனிதன் கடைக்கு வருவானா? இந்தக் குழப்பத்தையும் புஷ்பவள்ளி மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள்.

ஆனால் இரண்டொரு நாள் கழித்து அவர் வந்தபோது டின்னைத் தொடவில்லை. முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு கிண்ணம். அதை நங்கென்று கல்லாவில் வைத்தார். உள்ளே ஒரு ஆமை முட்டை, உடைத்தது.

விஷயம் இதுதான். ஆமை முட்டையை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் வெள்ளைக்கரு கெட்டியாகாது. கொழகொழவென்றே இருக்கும். ஆற்றங்கரைக்காரர்களுக்கு இது தெரியும். கோச்சோவுக்கு யார் சொல்வது? விறகெல்லாம் தீரும்வரை கொதிக்க வைத்துவிட்டு, இவர்கள் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று கிளம்பி வந்திருந்தார்.

ஐயாசாமி ஓடிவந்தார். கோச்சோ படபடவென்று பேசினார். ஐயாசாமி ஒவ்வொரு வார்த்தைக்கும் குனிந்தார். பிறகு சதாசிவத்தின் பக்கம் திரும்பி, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“முட்டை பத்தாதாம்,” என்றார். “இன்னும் வேணுமாம். புதுசா வேணுமாம். இப்பவே கூட வந்து நிக்கிறேங்குறாரு.”

“மணல்லதான் ஒண்ணும் இல்லையே, கிராணி,” என்றார் சதாசிவம்.

“இருக்குய்யா. நேத்து சாயங்காலம் பாத்தேன். நம்ம வசதிக்காகவே எவனோ புண்ணியவான் சல்லடை போட்டு அடையாளம் வச்சிருக்கான்.”

புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆமை மூன்று இடத்தில் தொம் தொம் போட்டு மறைத்த சரக்கு. அதன்மேல் இவள் பெயர்ப்பலகை மாட்டிவிட்டாள். நாலு கால் திருடனுக்குப் பூட்டுப் போடுகிறேன் என்று இரண்டு கால் ஆட்களுக்கு வழி காட்டியிருக்கிறாள்.

எல்லாரும் கீழே இறங்கினார்கள். கடையிலிருந்து மணல்வரை, சம்பான் படகில் வரும் மூட்டைகளை ஏற்ற ஒரு சாய்பலகை போட்டிருந்தது. அதில் முதலில் ஐயாசாமி, கையில் மண்வெட்டி. பின்னால் கோச்சோ. அதற்குப் பின்னால் சதாசிவம். வேடிக்கை பார்க்க பாக் லெமானும் குடிசையிலிருந்து வந்தார்.

“என் எடைக்கல்லு,” என்றார் சதாசிவம், சல்லடையைப் பார்த்து. பிறகு மகளைப் பார்த்தார்.

புஷ்பவள்ளி அதற்குள் ஓடிப்போய்ச் சல்லடைக்கு முன்னால் நின்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நின்றாள். “மாமா, கொஞ்சம் பொறுங்க,” என்றாள்.

“நகரு, புள்ள. கோச்சோ நிக்கிறாரு.”

கோச்சோ நிற்கவில்லை. மண்வெட்டியைப் பார்த்ததும், இன்னொரு கூடை முட்டை வரப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது போல. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். மழை இல்லை, தூரமும் இல்லை. புஷ்பவள்ளிக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருந்து, களைத்துப்போன குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார்.

“தபாகோ.”

புஷ்பவள்ளி அவர் உதட்டையே பார்த்தாள். வாத்தியார் முட்டைப் படத்தைத் தூக்கும்போது சொல்வது தமாகோ. இது மா இல்லை. பா.

“தபாகோ,” என்றார் அவர் மறுபடி, யாரிடமும் இல்லாமல், ஆற்றைப் பார்த்து.

அந்த டின். அவர் மூக்கை விட்டு மோந்து பார்க்கும் டின். அதில் முன்பு என்ன இருந்தது?

அவள் சாய்பலகையில் ஏறி ஓடினாள். அலமாரியிலிருந்து டின்னை எடுத்துவந்து கோச்சோவின் முன்னால் நீட்டினாள். அது பழைய புகையிலை டின். அவர் திறந்து மோந்து பார்த்தார். டின்னைத் தட்டிக் காட்டினார். இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகை விடுவது மாதிரி ஊதினார்.

“தபாகோ,” என்றார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

இவ்வளவு நாளும் மனிதர் கேட்டது புகையிலை. போனது முட்டை. கூடை கூடையாக.

ஐயாசாமியின் முகம் மணல் நிறத்துக்கு வந்துவிட்டது. அவருடைய கை தானாக எழுந்து கன்னத்தை மூடிக்கொண்டது. தவறு யாருடையது என்று கோச்சோவுக்கு இன்னும் தெரியாது. தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

புஷ்பவள்ளி அவரைப் பார்த்தாள். ‘உள்ள மடிச்சி வச்சிருக்கும்’ என்று சொன்ன அதே ஐயாசாமி. இப்போது அவரே மடித்து வைத்த மாதிரி நின்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேரத்தில் எதிராளி தோற்றாலும், வீட்டுக்குக் கொண்டுபோக அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததுதான்.

“மாமா,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “இத்தன நாளு முட்ட கேட்டாரு, நீங்க குடுத்துட்டீங்க. இன்னைக்கிதான் புதுசா பொகையில கேக்குறாரு. அத நீங்கதான் பேசி முடிக்கணும்.”

ஐயாசாமி அவளைப் பார்த்தார். கன்னத்திலிருந்து கை மெதுவாக இறங்கியது.

“அதானே,” என்றார். தொண்டையைக் கனைத்தார். “இன்னைக்கிதான் கேக்குறாரு. எனக்கு அப்பவே தெரியும்.”

புஷ்பவள்ளி அடுத்ததாக அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். வெற்றிலையோடு மெல்ல அவர் வேட்டி மடிப்பில் ஒரு துண்டுப் புகையிலை ஒளித்து வைத்திருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சதாசிவம் வானத்தைப் பார்த்தார்.

அவள் பக்கத்தில் போய், “எடைக்கல்லு வேணுமா, பொகையில வேணுமா?” என்று காதோடு கேட்டாள்.

“ரெண்டும் என்னோடதுதானடி.”

“அதான், ரெண்டுல ஒண்ணு கேக்குறேன்.”

சதாசிவம் பெருமூச்சு விட்டார். தன் மகளிடம் தானே பேரத்தில் தோற்று நிற்பது அவருக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பெருமை. மடிப்பை அவிழ்த்தார்.

கோச்சோ அந்தத் துண்டைக் கண்டதும் எழுந்து நின்றார். நுணுக்கினார். பையிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்துச் சுருட்டினார். பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். அது மெல்லுகிற காரப் புகையிலை. இருமினார், இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்ட இருமினார். ஐயாசாமியின் கை மறுபடி கன்னத்துக்குப் போனது. ஆனால் இருமல் நின்றபோது கோச்சோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

பேரத்தில் எதிராளி சிரிக்கும் நேரம்தான் நேரம். புஷ்பவள்ளி குனிந்து வணங்கினாள். தனக்குத் தெரிந்த நிப்போங்கோ முழுவதையும் சேர்த்து ஒரு வாக்கியம் செய்தாள்.

“தபாகோ... ஹாய். தமாகோ... நை.”

ஹாய் என்றால் ஆமாம். நை என்றால் இல்லை. புகையிலை உண்டு, முட்டை கிடையாது என்று அர்த்தம்.

கோச்சோ இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “தமாகோ நை, நை, நை,” என்றார். இனி ஆயுசுக்கும் முட்டையைக் கண்ணில் காட்டாதே என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்த பேரத்தைப் புஷ்பவள்ளி அதுவரை பார்த்ததில்லை.

பாக் லெமான் தன் தோட்டத்துப் புகையிலையில் அவ்வப்போது கொஞ்சம் தருவதாகச் சொன்னார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு ஐயாசாமிக்கு. அவர் அதை ரொம்பக் கௌரவமாக ஏற்றுக்கொண்டார்.

கோச்சோ சல்லடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து உள்ளே உற்றுப் பார்த்தார். புஷ்பவள்ளி எதிர் மரத்து ஆமைகளைக் காட்டினாள். கையை முறம் அளவுக்கு விரித்தாள். பிறகு உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, இல்லை என்று கையை விரித்தாள். அவர் மரத்தைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார். மறுநாள் ஒரு பலகையில் கரியால் பெரிதாக எதையோ எழுதிக் கொண்டுவந்து மணல்திட்டில் நட்டுவிட்டுப் போனார்.

“இங்க காலு வச்சா தல இருக்காதுன்னு போட்டிருக்கு,” என்று ஐயாசாமி படித்துச் சொன்னார். அவருடைய மொழிபெயர்ப்பு எப்படி என்று நமக்குத் தெரியும். உண்மையில் அதில் என்ன எழுதியிருந்ததோ. ஆனால் அதற்குப் பிறகு அந்த மணலில் யாரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கவில்லை. உடும்புக்கு மட்டும் நிப்போங்கோ தெரியாது. அதற்குச் சல்லடை இருந்தது.

நாட்கள் போயின. பாக் லெமான் எப்போதாவது விற்கக் கொடுக்கும் மரவள்ளிக் கிழங்கைச் சதாசிவம் எடைக்கல் இல்லாமல் கையாலேயே தூக்கிப் பார்த்து விற்றார். புகையிலையைக் கொடுத்தவருக்கே எடைக்கல் சொந்தம் என்பதுதான் பேச்சு, ஆனால் எப்போது திருப்பித் தருவது என்று பேச்சில் இல்லை என்றாள் மகள்.

கடைசியில் ஒரு காலையில், கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் உள்ள அந்த இருட்டில், மணல்திட்டிலிருந்து கிணுகிணுவென்று சத்தம் வந்தது. எடைக்கற்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்.

புஷ்பவள்ளி சாய்பலகையில் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். சல்லடைக்குக் கீழே மணல் நகர்ந்தது. சின்னச் சின்ன மூக்குகள் கம்பியை முட்டின. உள்ளங்கை அளவுகூட இல்லை. மடித்தும் வைக்கவில்லை.

கற்களை ஒதுக்கிச் சல்லடையைத் தூக்கினாள். குட்டிகள் ஒரு நிமிஷம் திகைத்தன. பிறகு ஆற்றைப் பார்த்து விழுந்தடித்து ஓடின. கிழக்கு வெளுத்துவிட்டதால், காகம் வந்துவிடாமல் அவள் பாவாடையை வீசிக்கொண்டே கூட நடந்தாள். தண்ணீரைத் தொட்டதும் ஒவ்வொன்றாக மறைந்தன.

ஒன்று மட்டும் குழம்பிவிட்டது. ஆறு ஒரு பக்கம் இருக்க, அது எதிர்ப்பக்கம் திரும்பிச் சாய்பலகையில் ஏறியது. புஷ்பவள்ளி மற்றவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்ததால் கவனிக்கவில்லை. கவனித்தபோது அது பலகையின் உச்சிக்குப் போய்விட்டது. இவள் எடைக்கற்களை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

சதாசிவம் அப்போதுதான் கடையைத் திறந்து டின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஏதோ அசைந்தது. திரும்பினார்.

ஆமை கடைக்குள் கால் வைத்திருந்தது.

துடைத்த துணி கையில் அப்படியே நின்றது. ஆமையைப் பார்த்தார். மூச்சிரைக்க வாசலில் நிற்கும் மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, காலி டின்களையும் அவற்றுக்குப் பின்னால் இருந்த காற்றையும் பார்த்தார்.

“வரட்டும்,” என்றார். “இதுக்கு மேல கெட்டுப்போக இங்க என்னா இருக்கு?”

புஷ்பவள்ளி எடைக்கற்களைக் கல்லாவில் வைத்தாள். சதாசிவம் குனிந்து குட்டியை எடுத்தார். பழக்கம் விடவில்லை; தராசின் ஒரு தட்டில் அதை வைத்தார். மறு தட்டில் இருப்பதிலேயே சின்ன எடைக்கல்லை வைத்தார். ஆமைத் தட்டு விருட்டென்று மேலே போனது. குட்டி உயரத்திலிருந்து கழுத்தை நீட்டிக் கடையைச் சுற்றிப் பார்த்தது.

“எடை குறையுதே,” என்றார் சதாசிவம்.

புஷ்பவள்ளி ஆற்றில் விடுவதற்காக அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“புதுச் சரக்குப்பா,” என்றாள். “போகப் போக ஏறும்.”